வெறுங்கண்ணில் தொடங்கும் வானியல்

வானியலைத் தொழிலாகக் கொள்ளாமல், விருப்பம் ஒன்றையே முதலாக வைத்து வானை முறையாக நோக்கி வருபவர்களை அமெச்சூர் வானியலர் என்று அழைப்பது வழக்கம். இத்துறையில் அடியெடுத்து வைக்க நினைப்போரில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே. விலையைக் கேட்டதும் விருப்பத்தை அப்படியே மடித்து வைத்துவிடுபவர்கள் உண்டு. கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த மலிவான கருவியை வாங்கி, நிலவைத் தவிர வேறெதையும் அதில் சரியாகக் காண முடியாமல் இரண்டே மாதத்தில் பரணில் ஏற்றிவிடுபவர்களும் உண்டு. செலவு செய்யும் வரிசையை மாற்றிக்கொண்டால் இந்த இரண்டு இழப்புகளையும் தவிர்த்துவிடலாம். முதல் ஆண்டில் ஒரு ரூபாயும் செலவழிக்காமல் வானத்தின் அமைப்பை மட்டும் கற்று, இரண்டாம் ஆண்டில் ஒரு பைனாகுலரோடு அதைத் துருவிப் பார்த்து, அதன் பிறகும் ஆர்வம் குன்றாதிருந்தால் மட்டுமே தொலைநோக்கியைப் பற்றி எண்ணத் தொடங்குபவர், மொத்தத்தில் குறைவாகச் செலவழித்து மிக அதிகமாகக் காண்கிறார்.

கண்ணே முதல் கருவி என்பதால், அது இரவில் வேலை செய்யும் விதத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண்ணின் பாவை சில நொடிகளில் விரிந்து, இளைஞர்களுக்கு ஏறக்குறைய 7 மி.மீ. விட்டத்தை எட்டிவிடுகிறது, ஆனால் விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் ரொடாப்சின் என்னும் நிறமி முழுமையாகச் சேர்வதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். இந்த அரை மணி நேரக் காத்திருப்பில் கிடைக்கும் பயன் எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காதது. கைபேசியின் வெண்ணிறத் திரையை ஒருமுறை பார்த்தாலே அது கலைந்து, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க நேரிடும். ஆகவே வரைபடம் பார்க்கச் சிவப்பு வெளிச்சத்தையே பயன்படுத்துவர். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டால் போதும். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையைச் செலுத்தினால் அது தெளிவாகத் தெரியும் என்பதும் பழக வேண்டிய ஒன்று. விழித்திரையின் நடுப்பகுதி நிறத்தையும் நுணுக்கத்தையும் அறிவதற்கென்றே அமைந்தது. மங்கலான ஒளியை அறியும் செல்கள் அதைச் சூழ்ந்த ஓரப்பகுதியில்தான் செறிந்திருக்கின்றன.

வானத்தின் ஊர்ப்பெயர்களைக் கற்பதில் தமிழ் வாசகருக்கு ஒரு முன்தொடக்கம் இருக்கிறது. பஞ்சாங்கத்திலும் ஜாதகத்திலும் வரும் 27 நட்சத்திரப் பெயர்கள் வெறும் நாட்குறிப்புச் சொற்களாகவே பலருக்குப் பழக்கம். அவை வானில் விரல் நீட்டிக் காட்டக்கூடிய உண்மையான விண்மீன்களின் பெயர்கள் என்பதை அறிந்தவர் குறைவு. தை, மாசி மாதங்களின் முன்னிரவில் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், ஒரே நேர்கோட்டில் நெருக்கமாக நிற்கும் மூன்று விண்மீன்கள் கண்ணில் படும். அவை ஓரியன் என்னும் வேட்டைக்காரன் தொகுதியின் இடுப்புக் கச்சை. அவற்றுக்கு வடக்கே செம்மஞ்சளாக ஒளிர்வது திருவாதிரை. தெற்கே நீலவெண்மையாக ஒளிர்வது ரைஜெல். தலைப்பகுதியில் சிறிய முக்கோணமாகத் தெரிவது மிருகசீரிடம். கச்சையின் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸ் வரும். வடமேற்காக நீட்டினால் சிவந்த ரோகிணியும், அதையும் தாண்டிச் சென்றால் சிறு கொத்தாகக் கார்த்திகையும் வரும். சித்திரை, வைகாசி மாதங்களில் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து செல்லும் போக்கிலேயே பார்வையைக் கொண்டுபோனால் முதலில் சுவாதியும் அடுத்துச் சித்திரையும் கிடைக்கும். ஆனி, ஆடியில் தென்வானில் தேள் உருவம் தெளிவாகத் தெரிய, அதன் நெஞ்சில் கேட்டையும் வாலில் மூலமும் நிற்கும்.

இந்தப் பெயர்களோடு நிலவின் நடையையும் சேர்த்துப் படித்தால், காசில்லாத ஒரு முழுப் பாடம் கிடைக்கும். நிலவு விண்மீன்களுக்கிடையே நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 பாகை கிழக்கே நகர்ந்து, 27 நாளும் சில மணி நேரமும் கடந்த பின் புறப்பட்ட விண்மீனிடமே திரும்பி வருகிறது. நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்ற கணக்கு இதிலிருந்து பிறந்ததே. கையை முழுக்க நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், மூடிய முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரலின் அகலம் 1 பாகை, நிலவின் வட்டம் அதில் பாதி. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, தொடர்ந்து பத்து இரவுகள் ஒரே நேரத்தில், ஒரே மாடியில் நின்று, அருகிலுள்ள விண்மீனிலிருந்து நிலவு எத்தனை முட்டி தள்ளி நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டே வந்தால், அதன் பாதை தானாக உருப்பெற்று வரும். கார்த்திகை மாதப் பௌர்ணமியில் நிலவு கார்த்திகைக் கொத்தையும், சித்திரை மாதப் பௌர்ணமியில் சித்திரை விண்மீனையும் ஒட்டி நிற்பதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். மாதப் பெயர்கள் வந்த வழியும் அப்போது விளங்கிவிடும்.

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது மற்றொரு பெரும் வசதி. துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே ஓர் ஊரின் அட்சரேகை என்பதால், சென்னையில் அது 13 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 8 பாகை உயரத்திலும் மட்டுமே நிற்கிறது. வடக்கே இழப்பது சிறிது. அதற்கு ஈடாகத் தெற்கே கிடைப்பது ஏராளம். மரபில் அகத்தியர் விண்மீன் எனப்படும் கனோபஸ், பிப்ரவரி மாத முன்னிரவில் மதுரையிலிருந்து பார்க்க 27 பாகை உயரம் வரை எழுகிறது. மே மாதத்தில் தென்சிலுவைத் தொகுதியையும், மே இறுதியில் ஒமேகா சென்டாரி என்னும் கோளகக் கொத்தையும் முன்னிரவிலேயே காணலாம். கோளகக் கொத்து என்பது பல லட்சம் விண்மீன்கள் ஈர்ப்பால் பந்துபோல் திரண்ட கூட்டம். அவற்றுள் நம் பால்வழி மண்டலத்தில் மிகப் பெரியது இதுதான். லண்டனில் இருப்பவருக்கு எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தாலும் இது ஒருபோதும் உதிக்காது. இங்கோ, இருட்டான ஓர் ஊர்ப்புறத்திலிருந்து வெறுங்கண்ணுக்கே ஒரு பனித்திட்டுப் போலத் தெரியும்.

இருட்டு என்ற சொல்லில்தான் உண்மையான செலவு ஒளிந்திருக்கிறது. நல்ல இருட்டில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் விண்மீன்களுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும். பெருநகரத் தெருவிளக்குகளின் நடுவே அது சில பத்துகளாகச் சுருங்கிவிடுகிறது. விளக்குகளின் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி வானையே வெளுக்கச் செய்யும் இந்த ஒளி மாசைப் பெரிய தொலைநோக்கியால் வெல்ல முடியாது. நகரவாசி ஒருவர் கருவிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை, அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொந்த ஊருக்கோ மலையடிவாரத்துக்கோ செல்லும் பேருந்துக் கட்டணமாக மாற்றிக்கொள்வது அறிவுடைமை. பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வானம் துலங்கும் காலம். நிலவையும் கோள்களையும் மட்டும் நகர மொட்டைமாடியிலிருந்தே குறைவின்றிக் காணலாம்.

வரைபடத்துக்காகவும் பணம் செலவிட வேண்டியதில்லை. ஸ்டெல்லேரியம் என்னும் கட்டற்ற மென்பொருள் கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது; ஊரையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் அப்போதைய வானை அது அப்படியே வரைந்து காட்டும். ஆயினும் கைபேசியை வானை நோக்கிப் பிடித்துப் பெயர் படிக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே தொற்றிக்கொண்டால் வானம் மனத்தில் பதிவதில்லை. மாலையில் வீட்டுக்குள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு, இரவில் அதை நினைவிலிருந்து தேடிக் கண்டுபிடிப்பதே நிலைக்கும் முறை.

வெறுங்கண் என்பது வெறும் முன்பயிற்சிக்கு மட்டுமானதும் அன்று. பெர்சியஸ் தொகுதியிலுள்ள அல்கோல் என்னும் விண்மீன், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி, வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்து, சில மணி நேரத்தில் மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. இந்தக் கால இடைவெளியை 1783ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஜான் குட்ரிக், காது கேளாத 18 வயது ஆங்கிலேய இளைஞர். மங்கலான துணை ஒன்று குறுக்கே வந்து மறைப்பதே காரணமாகலாம் என்று அவர் முன்வைத்த விளக்கம் பின்னர் மெய்யானது. அண்மைக் காலத்தில், 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை திருவாதிரை கண்கூடாக மங்கியது. அதை அருகிலுள்ள ரோகிணியோடும், ஓரியனின் மற்றொரு தோளாகிய பெல்லாட்ரிக்ஸோடும் ஒப்பிட்டுப் பார்த்த எவரும், எந்தக் கருவியும் இல்லாமலேயே அந்தச் சரிவை இரவுக்கு இரவு குறித்திருக்க முடியும். திருவாதிரை தன்னிலிருந்து வெளியேற்றிய பொருள் குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே அதற்குக் காரணம் என்பது பிறகு தெரியவந்தது.

முதன்முதலாகச் செலவழிக்கத்தக்க கருவி பைனாகுலர். அதன்மேல் 7×50, 10×50 என்று பொறித்திருப்பதில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாம் எண் முன்வில்லையின் விட்டத்தை மி.மீட்டரிலும் குறிக்கும். 50 மி.மீ. வில்லை, முழுக்க விரிந்த கண்பாவையைப் போல ஏறக்குறைய 50 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. வானியலுக்கு வேண்டியது இந்த ஒளி திரட்டும் திறனே. இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 7×50இல் அது 7 மி.மீ., 10×50இல் 5 மி.மீ. நடுவயதைக் கடந்தவர்களின் பாவை இளமையிலிருந்த அளவு விரியாது என்பதால் அவர்களுக்கு 10×50 பொருந்தும். ஓரளவு தரமான ஒன்று பெரும்பாலும் ரூ.5,000 முதல் ரூ.10,000க்குள் கிடைத்துவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையையும், முன்வில்லையில் மாணிக்கச் சிவப்பாகப் பூச்சு மின்னும் வகையையும் தவிர்ப்பது நல்லது. கடையிலேயே தொலைவிலுள்ள ஒரு விளக்குக் கம்பத்தை இரு கண்ணாலும் பார்த்து, உருவம் ஒன்றாக நிற்கிறதா, இரண்டாகப் பிரிகிறதா என்று சோதித்தே வாங்க வேண்டும். பிரிந்தால் இரு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை என்று பொருள், தலைவலிதான் மிஞ்சும்.

கை நடுக்கம் பைனாகுலரின் பெரும் பகை. மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது பாயில் மல்லாந்து படுத்துக்கொள்ளலாம்; சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் சுகம். அப்படி நிலைநிறுத்திப் பார்க்கும்போது வியாழனின் இரு பக்கமும் ஊசிமுனைப் புள்ளிகளாக அதன் நான்கு பெரிய நிலாக்கள் ஒரே கோட்டில் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்டு வியந்தவை இவையே. அவற்றுள் உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், அடுத்த இரவிலேயே வரிசை மாறியிருக்கும். கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை பல பத்து விண்மீன்களாக விரியும். ஓரியனின் கச்சைக்குக் கீழே தொங்கும் வாளில், புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயு முகில் ஒரு புகைமூட்டம்போலப் படரும். இருட்டான வானில் ஆண்ட்ரோமெடா மண்டலமும் நீள்வட்ட மங்கலாகத் தெரியும். அதிலிருந்து இன்று கண்ணை எட்டும் ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. சனியின் வளையத்தை மட்டும் பைனாகுலரில் எதிர்பார்க்கக் கூடாது. அதைப் பிரித்துக் காட்ட 25 மடங்கேனும் பெரிதாக்க வேண்டும்.

தொலைநோக்கிக்கு வரும்போதுதான் பணம் வீணாகும் வாய்ப்பு மிகுதி. பெட்டியின்மேல் 500 மடங்கு, 600 மடங்கு என்று அச்சிட்டு விற்கப்படும் 60 மி.மீ. குழாய்களின் அந்த வாக்குறுதி இயற்பியலுக்கே ஒவ்வாதது. முன்வில்லை அல்லது ஆடியின் விட்டத்தை மி.மீட்டரில் கணக்கிட்டு, அதன் இரு மடங்கே பயன்தரும் உருப்பெருக்கத்தின் உச்சம் என்று கொள்வது நெடுநாள் வழக்கு. அதன்படி 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்கே எல்லை, அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே. இதைவிடக் கொடுமை, அக்கருவிகளோடு வரும் மெலிந்த முக்காலி. விரல் பட்டாலே உருவம் பல நொடிகள் ஆடிக்கொண்டிருக்கும். ஆகையால் தொலைநோக்கி வாங்குபவர் பெருக்கத்தைக் கேட்காமல் விட்டத்தையும் தாங்கியின் உறுதியையும் கேட்க வேண்டும்.

இந்த இரண்டும் குறைந்த செலவில் சேர்ந்து கிடைக்கும் அமைப்புக்கு டாப்சோனியன் என்று பெயர். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, வேதியியல் படித்து, சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபு வேதாந்த மடத்தில் துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன், கையில் காசில்லாத நிலையில் கண்டடைந்தது அது. பழைய கப்பல் சன்னல்களின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். கான்கிரீட் தூண் வார்ப்பதற்கான அட்டைக் குழாயை உடலாக்கினார். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, பீரங்கியைப் போல மேலும் கீழும் சுற்றியும் திருப்பக்கூடிய தாங்கியாக அதை அமைத்தார். விலையுயர்ந்த பற்சக்கரங்களுக்கு மாற்றாக டெஃப்லான் துண்டுகள் மீது அது வழுக்கிச் சுழன்றது. தொலைநோக்கி மீதான ஈடுபாடு மட ஒழுங்கோடு முரண்பட, 1967இல் அவர் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் தெருவோரத்தில் கருவியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து நிலவையும் சனியையும் காட்டுவதையே வாழ்வாகக் கொண்டு, 2014இல் மறையும் வரை அதை விடவில்லை. தன் அமைப்புக்கு அவர் காப்புரிமை பெறாததால் உலகெங்கும் எவரும் அதைச் செய்ய முடிந்தது. இன்று 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு டாப்சோனியன், கண்பாவையைப் போல ஏறக்குறைய 460 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அதன் குவியத் தொலைவு, அதாவது ஆடியிலிருந்து உருவம் திரளும் இடம்வரை உள்ள தொலைவு, 1,200 மி.மீ. என்றால், 25 மி.மீ. கண்ணருகு வில்லையில் 48 மடங்கும் 10 மி.மீ. வில்லையில் 120 மடங்கும் கிடைக்கும். இந்த இரண்டு வில்லைகளே பல ஆண்டுகளுக்குப் போதும்.

பணம் குறைவாகவும் பொறுமை நிறையவும் இருப்பவர் ஆடியைத் தாமே தேய்த்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கிடையே கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, மேல்வட்டை முன்னும் பின்னும் தள்ளியபடியே மேசையைச் சுற்றி நடந்தால், மேல்வட்டு குழிந்தும் கீழ்வட்டு குவிந்தும் வரும். முதலில் கரகரவென்று எழும் ஓசை தூள் நொறுங்க நொறுங்கத் தணிந்து, வெறும் உரசலாகும்போது தூளை மாற்ற வேண்டும் என்று கை அறிந்துகொள்ளும். மேற்சொன்ன 150 மி.மீ. ஆடிக்கு நடுவில் வேண்டிய குழிவு ஏறக்குறைய 1.2 மி.மீ. மட்டுமே. படிப்படியாக நுண்ணிய தூள்களுக்கு மாறி, கடைசியில் கீல் பூசிய வட்டின் மீது சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுவர். நல்ல ஆடியின் பரப்பு, இருக்க வேண்டிய வடிவிலிருந்து ஒளி அலைநீளத்தின் எட்டில் ஒரு பங்குக்கு மேல், அதாவது ஏறக்குறைய 70 நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அது ஒரு தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய பிழையை ஒரு சவர பிளேடும் ஒரு சிறு விளக்கும் கொண்டு வீட்டு அறையிலேயே கண்டுபிடிக்கும் முறையைப் பிரெஞ்சு இயற்பியலர் ஃபூக்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். வெற்றிடக் கலத்தில் அலுமினியப் பூச்சு ஏற்றுவது மட்டும் வெளியே கொடுத்துச் செய்ய வேண்டியது. புனேயிலுள்ள ஐயூக்கா போன்ற நிறுவனங்கள் இந்தக் கைவேலையைக் கற்றுத்தரப் பயிலரங்குகள் நடத்தியிருக்கின்றன.

எந்தக் கருவியாயினும் அதைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லாததால், கண் எரிந்துபோவது எரியும்போது தெரியாது. எக்ஸ்ரே படலமும் புகையேற்றிய கண்ணாடியும் பாதுகாப்பானவை அல்ல. கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளக் கொடுக்கப்படும் சிறு வடிகட்டி வெப்பத்தில் வெடித்துவிடக்கூடும். சூரியனைக் காண விரும்புபவர், 5 மி.மீ. துளையிட்ட தாளால் சிறு கண்ணாடி ஒன்றை மூடி, வெயிலில் வைத்து, அதன் ஒளியை இருட்டறைச் சுவரில் விழச் செய்யலாம். 10 மீட்டர் தொலைவில் 9 செ.மீ. அகல வட்டமாகச் சூரியனின் உருவமே விழும். 2019 டிசம்பர் 26இல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் தெரிந்த கங்கணச் சூரிய கிரகணத்தை, ஒரு வீட்டார் மட்டுமன்றித் தெருவே கூடி நின்று இவ்வகையில் காண முடிந்தது.

கருவி வாங்கியபின் அதைக் காப்பதும் செலவைச் சேர்ந்ததே. கடலோரத்து ஈரக்காற்றில் வில்லைகளின் மேல் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். ஒருமுறை வேரூன்றிவிட்டால் பூச்சையே அரித்துவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவற்றை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்கிவந்தால் போதும். துணியால் அடிக்கடி துடைப்பது தூசியைவிட மிகுதியாகக் கெடுக்கும்.

நோக்குபவரிடம் இருக்க வேண்டிய மற்றொன்று ஒரு குறிப்பேடு. நாள், நேரம், இடம், வானின் தெளிவு, கருவி, கண்டது ஆகியவற்றை அன்றன்றே எழுதிவரும் வழக்கம், பார்வையை ஆய்வாக மாற்றிவிடுகிறது. வங்காளத்து யசோர் நகரின் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் எழுத்தராக இருந்த ராதாகோவிந்த சந்திரர், பள்ளியிறுதித் தேர்விலேயே தேறாதவர். 1910இல் ஹாலி வால்மீனைச் சிறிய பைனாகுலரில் பார்த்து, 1912இல் 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 ஜூனில் கழுகுத் தொகுதியில் திடீரென வெடித்தொளிர்ந்த புதுமீனைத் தாமாகவே கண்டார். அதன்பின், ஒளி கூடிக் குறையும் மாறொளிர் விண்மீன்களைக் கண்காணிக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு 1919 முதல் 1954 வரை அவர் எழுதியனுப்பிய நோக்கீடுகள் 37,000க்கும் மேல். பகல் முழுதும் காசு எண்ணிய கை, இரவில் விண்மீனின் ஒளியைப் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தது. அந்த உழைப்பைக் கண்ட சங்கம், சார்ல்ஸ் எல்மர் என்னும் உறுப்பினரின் 6 அங்குலத் தொலைநோக்கியை 1926இல் கடல் கடந்து அவருக்கு இரவலாக அனுப்பியது. அவர் தம் நோக்கீடுகளை நிறுத்தியபின் அந்தக் கருவி வானியலர் வைணு பாப்புவின் பொறுப்புக்கு வந்து, பிற்பாடு தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தைச் சென்றடைந்தது.